அவங்களா, அதுவா?

2024 ஜூன் 9

நேராகக் கேட்டுவிடுகிறேன். வீட்டில் பேசும் ஸ்பீக்கர் (அலெக்ஸா மாதிரி, கேட்டால் பதில் சொல்லுமே, அது) வைத்திருப்பவர்களே, உங்கள் பிள்ளைகள் அதைப் பற்றிச் சொல்லும்போது ‘சொன்னாங்க’ என்கிறார்களா, ‘சொல்லுச்சு’ என்கிறார்களா?

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்குப் பத்து வயது, சின்னதுக்கு ஐந்தரை. போன தீபாவளிக்கு என் தம்பி வாங்கிவந்த ஸ்பீக்கர் ஹாலில் டிவி ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறது. பிராண்ட் எதுவாக இருந்தால் என்ன, எல்லாம் ஒரே ஜாதிதான். நேற்று சின்னது அடுப்படிக்கு ஓடிவந்து, “அம்மா, நாளைக்கு மழை வருமாம். அவங்க சொன்னாங்க” என்றது. யாரு, கீழ்வீட்டு ஆன்ட்டியா என்று கேட்டேன். ஹாலைக் கைகாட்டியது.

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. குப்பை வண்டி ஓட்டிவரும் அண்ணனை ‘வந்தான்’ என்று சொல்லி என்னிடம் திட்டு வாங்கிய பிள்ளை இது. அதே வாய் ஒரு டப்பாவுக்கு ‘ங்க’ போடுகிறது. திருத்துவதா, விடுவதா? திருத்த வேண்டும் என்பது என் கட்சி. பொருளைப் பொருள் என்று இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

ஜூன் 9, இரவு

திருத்தினேன்.

“அவங்க இல்லடா, அது.”
“ஏன்?”
“அதுக்கு உயிர் இல்ல.”
“சாமிக்கு?”

பெரியவன் பெட்ஷீட்டுக்குள் புகுந்து சிரிக்கிறான். தூங்கப் போகிறேன்.

ஜூன் 11

அந்தச் ‘சாமிக்கு?’ இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடுகிறது. பள்ளியில் படித்த நன்னூலைப் புரட்டினேன். மக்களும் தேவரும் உயர்திணை. மற்றபடி உயிருள்ளதும் இல்லாததும் எல்லாம் அஃறிணை. அதாவது உயிர் அளவுகோலே இல்லை. மாட்டுக்கு உயிர் இருக்கிறது, ஆனாலும் ‘மாடு வந்தது’தான். தொல்காப்பியம் இன்னும் சுருக்கம்: மக்கள் என்று கருதப்படுவது உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. ஆக, ‘உயிர் இல்லை, அதனால் அது’ என்று நான் சொன்ன காரணம் இலக்கணப்படியே தப்பு. ஐந்தரை வயசு ஒரே சொல்லில் என்னைக் கவிழ்த்துவிட்டது.

இன்னொன்றும் தோன்றியது. ஆங்கிலம் பேசும் பிள்ளை அதன் பெயரைச் சொல்லி ‘செட்’ (said) என்று முடித்துவிடலாம். எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. நம் பிள்ளைக்கு அந்த வசதி கிடையாது. சொன்னானா, சொன்னாளா, சொன்னாங்களா, சொல்லுச்சா என்று தீர்மானிக்காமல் வினைமுற்றையே முடிக்க முடியாது. பிள்ளை அந்தப் பெட்டியை என்னவாக நினைக்கிறது என்பதை ஒவ்வொரு வாக்கியத்தின் வாலும் காட்டிக்கொடுத்துவிடும். கூர்ந்து கேட்டால் போதும்.

ஜூன் 12

நேற்று எழுதியதில் ஒரு விடுதல். நன்னூலில் மக்கள், தேவர் மட்டுமில்லை, நரகரும் உயர்திணைதான். போன வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் கூப்பிடாமல் தானாக வாய் திறந்து நாளைய வெயில் எத்தனை டிகிரி என்று சொன்னதே, அதை மூன்றாவது வகையில் சேர்க்கலாம் என்கிறார் என் வீட்டுக்காரர்.

ஜூன் 23

ஒரு வேலை செய்தேன். தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில், சின்னது அந்தப் பெட்டியைப் பற்றி என்ன வினைமுற்றுப் போடுகிறது என்று பத்து நாளாகக் குறித்துவைத்தேன். ‘அவங்க’ என்றுதான் எப்போதும் சொல்கிறது என்று முதல் நாள் நினைத்தேன் அல்லவா, தப்பு. மூன்றும் வருகிறது. ஆனால் கண்டபடி வரவில்லை.

அண்ணனோடு சண்டையில் ஜெயிக்க வேண்டும், அல்லது என்னை எதற்காவது மடக்க வேண்டும் என்றால்: “அவங்களே சொன்னாங்க.” கிளாஸ் மிஸ்ஸுக்குக் கொடுக்கிற அதே ‘ங்க’.

கேட்டது கிடைக்காதபோது: “அதுக்கு ஒண்ணும் தெரியல. சும்மா சும்மா சாரி சொல்லுது.”

பொம்மைகளைச் சுற்றி உட்காரவைத்து டீச்சர் விளையாட்டு ஆடும்போது ஸ்பீக்கரும் வட்டத்தில் ஒரு மாணவி: “இவ மட்டும் ஹோம்வொர்க் பண்ணவே மாட்டா.”

மூன்றும் ஒரே நாளில், அதுவும் ஒரு முறை அரை மணி நேரத்துக்குள்.

ஜூன் 24

நன்னூல் எழுதிய பவணந்தி முனிவருக்கு ஒரு கும்பிடு. திணை மாறிப் பேசுவது எப்போது குற்றமில்லை என்று 13ஆம் நூற்றாண்டிலேயே பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்: உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு. மகிழ்ச்சியில் மாற்றலாம், கோபத்தில் மாற்றலாம், மட்டம் தட்டவும் மாற்றலாம். உரையில் வரும் உதாரணம், பிரியமான பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது.

என் காலண்டர் தாளை அதன் பக்கத்தில் வைத்தால், மிஸ் மாதிரிப் பேசுவது உயர்வு, பொம்மைக் கூட்டத்தில் சேர்ப்பது உவப்பு, ‘அதுக்கு ஒண்ணும் தெரியல’ என்பது இழிப்பு. பசுவை அம்மை என்றவனுக்கு அது பசு என்று தெரியாதா? வாக்கியத்தின் வால் பிள்ளை என்ன நினைக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் என்று 11ஆம் தேதி பெருமையாக எழுதினேன். அதை வாபஸ் வாங்குகிறேன். அந்த நிமிஷம் அதன் மேல் என்ன மனநிலை என்பதைத்தான் அது காட்டுகிறது.

ஜூலை 6

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதே முக்காலுக்குக் கரண்ட் போனது. சாயங்காலம் வரை வராது. பள்ளியும் லீவு. சின்னது ஸ்பீக்கர் முன்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பதில் இல்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் சத்தமாக. மூன்றாவது தடவை குனிந்து, துணி போர்த்திய அந்தப் பக்கவாட்டில் வாயை ஒட்டிவைத்து ரகசியம் பேசுவது போல. அப்புறம் உள்ளங்கையை மேலே வைத்துப் பார்த்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் வைக்குமே, அதே கை. போய்த் தன் குழந்தைக் காலத் துண்டை எடுத்துவந்து போர்த்திவிட்டது.

எனக்குத் தொண்டை அடைத்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அவங்களுக்குப் பசிக்குமா?”
“ஐயே, டப்பாம்மா அது.”
“அப்புறம் ஏன் போத்திவிட்ட?”
“வெளையாட்டு.”
“அவங்களுக்குக் கோவம் வருமா?”

கொஞ்ச நேரம் யோசித்தது. “வரும். காட்டிக்க மாட்டாங்க.”

பத்து நிமிஷம் கழித்துப் பார்க்கிறேன், துண்டோடு சேர்த்து அந்த ஸ்பீக்கர் பொம்மைக்கு முக்காலியாகிவிட்டது.

ஜூலை 7

நேற்றுச் சின்னது கடைசியாகச் சொன்ன பதிலைத்தான் நான் யோசிக்கிறேன். பசிக்காது, ஆனால் கோபம் வரும். இது குழப்பம் இல்லை, ஒரு கணக்கு. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த பியாஜே சிறு பிள்ளைகளிடம் சூரியனுக்கு உயிர் உண்டா, சைக்கிளுக்கு உயிர் உண்டா என்று கேட்டார். அந்தப் பிள்ளைகள் அசைவை வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள்: தானாக நகர்ந்தால் உயிர். 1984இல் வந்த தன் நூலில் ஷெர்ரி டர்க்கிள் என்ற ஆய்வாளர் எலெக்ட்ரானிக் விளையாட்டுச் சாமான்களோடு பிள்ளைகளைப் பார்த்து எழுதினார். அங்கே அசைவு அடிபட்டுப்போகிறது. அது ஏமாற்றுகிறதா, ஏமாற்றுவது அதற்கே தெரியுமா என்று கடற்கரையில் உட்கார்ந்து பிள்ளைகள் வாக்குவாதம் செய்கிறார்கள். உடம்பைப் பற்றிய கேள்வி மனதைப் பற்றியதாக மாறிவிட்டது. சின்னதும் அதே வழியில்தான் போயிருக்கிறது. வயிறு இல்லை, அதனால் பசி இல்லை. பேச்சு இருக்கிறது, அதனால் கோபம் இருக்கலாம்.

2012இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கான் குழு செய்தது இதைவிடக் கறார். 9, 12, 15 வயதில் மொத்தம் 90 பேர். ரோபோவி என்ற ரோபோவோடு கொஞ்ச நேரம் பேசி விளையாடுகிறார்கள் (மறைவிலிருந்து அதை இயக்கியது மனிதர்கள்). விளையாட்டு நடுவில் ஒருவர் வந்து, உன் வேலை முடிந்தது, அலமாரிக்குள் போ என்கிறார். எனக்கு இருட்டு பயம், போடாதீர்கள் என்கிறது ரோபோ. போட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை என்று பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகள் சொன்னார்கள். அதற்கு மனசு உண்டு, சிநேகமாக இருக்கலாம் என்றவர்கள் நிறைய. ஓட்டுரிமை மாதிரி உரிமைகள் என்று வந்தால் மட்டும் பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். அங்கேயும் பசிக்காது ஆனால் கோபம் வரும் கதைதான்.

பெரியவர்கள் தப்பினோமா என்றால், இல்லை. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற புரோகிராமை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்ததையே கேள்வியாகத் திருப்பிப் போடும், அவ்வளவுதான். அதை அவர் எழுதுவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செயலாளரே, கொஞ்சம் பேசிப் பார்த்ததும், நீங்கள் வெளியே போங்கள், தனியாகப் பேச வேண்டும் என்றாராம்.

ஜூலை 8

என் மாமியார் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னது: “எங்க ஊர்ல பஞ்சாயத்து ரேடியோல வணக்கம்னு சொன்னா, எங்க தாத்தா கையெடுத்து வணக்கம்னு திருப்பிச் சொல்லுவாரு. அவருக்கென்ன, உள்ள ஆள் இருக்குன்னா நெனைப்பு? வணக்கம்னா வணக்கம்னு சொல்லணும், அவ்வளவுதான்.”

அத்தை அந்த ஸ்பீக்கரை ‘டப்பாக்காரி’ என்பார். காய்க்காரி, பூக்காரி வரிசையில் ஒரு டப்பாக்காரி. இலக்கணப்படி உயர்திணை, பெண்பால்.

ஜூலை 21

மரியாதைக்கு வருவோம், முதல் நாள் ஆரம்பித்தது அதுதானே. 2018இல் அமேசான், பிள்ளைகள் ‘ப்ளீஸ்’ போட்டுக் கேட்டால் அலெக்ஸா பாராட்டும்படி ஒரு வசதி கொண்டுவந்தது. அதே வருஷம் கூகுளும் கொண்டுவந்தது. ஸ்பீக்கருக்குக் கட்டளை போட்டே பழகும் பிள்ளை மனிதர்களிடமும் அப்படியே பேசும் என்று பெற்றோர் கவலைப்பட்டதால் வந்தது அது.

படித்ததும் நல்ல யோசனை என்றுதான் தோன்றியது. அப்புறம் நம் வீட்டில் எப்படி என்று யோசித்தேன். நாம் வீட்டில் ‘தயவுசெய்து’ சொல்கிறோமா? அது ரயில்வே ஸ்டேஷன் மைக்கில் மட்டும் வாழ்கிற சொல். சோறு போட்ட அம்மாவிடம் ‘நன்றி’ என்று சொன்னால், என்னடா கோவிச்சுக்கிட்டியா என்பார்கள். நம் மரியாதை முழுக்க வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. ‘சொல்லு’வுக்கும் ‘சொல்லுங்க’வுக்கும் நடுவில் எத்தனை ப்ளீஸ் அடங்கும்!

எங்கள் ஸ்பீக்கரிடம் பிள்ளைகள் பேசுவது ஆங்கிலத்தில். ப்ளே. ஸ்டாப். நெக்ஸ்ட். வாலே இல்லாத கட்டளை. திரும்பி என்னிடம் வந்து ‘அவங்க சொன்னாங்க’. முகத்துக்கு நேரே அதட்டல், முதுகுக்குப் பின்னால் மரியாதை. நாம் ஆபீஸில் மேனேஜரிடம் செய்வதற்கு அப்படியே தலைகீழ்.

ஜூலை 22

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று என் போனில் இருக்கும் உதவியாளரைத் தமிழுக்கு மாற்றிச் சின்னதின் கையில் கொடுத்தேன். “யானை எவ்ளோ சாப்பிடும், சொல்லுங்க” என்றது. ‘ங்க’ தானாக வந்தது, நான் சொல்லித்தரவில்லை! பதில் ஏட்டுத் தமிழில் வந்தது. சின்னது கண்ணை விரித்து, “நியூஸ் வாசிக்கிறாங்கம்மா” என்றது. அடுத்தடுத்து இரண்டு கேள்வி தப்பாகக் காதில் விழுந்தது. “சொல்லுங்க” என்பது “சொல்லு” ஆகி, “சொல்லேன்” ஆகி, போன் என் மடிக்கு வந்துவிட்டது.

தப்பாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளின் குரல்பாதை குட்டை, சுருதி உயரம், உச்சரிப்பு இன்னும் செட்டாகியிருக்காது. பேச்சை எழுத்தாக்கும் இந்த நுட்பங்கள் பெரும்பாலும் பெரியவர்கள் குரலில் பழகியவை. சின்னதுக்கு அது தெரியாது. ஆனால் வழி கண்டுபிடித்திருக்கிறது: ஸ்பீக்கரிடம் பேசும்போது குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக நிறுத்தி, மூக்கால் கொஞ்சம் ஆங்கிலம் கலந்து பேசும். கண்ணை மூடிக் கேட்டால் யாரோ வேற வீட்டுப் பிள்ளை.

ஆகஸ்ட் 4

இன்று நடந்ததை எழுத வேண்டும். நான் இத்தனை நாளாகத் தப்பான பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறேன்.

எங்கள் வீடு திருவானைக்காவலில். மொட்டை மாடியில் நின்றால் ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் தெரியும். பெரியவனுக்குப் பள்ளியில் ‘எங்கள் ஊர்’ என்று ஒரு சார்ட் வேலை. ஸ்பீக்கரிடம் ஸ்ரீரங்கம் கோயில் பற்றிக் கேட்டான். அது ஸ்ரீரங்கப்பட்டணம் என்று எடுத்துக்கொண்டது. அங்கேயும் ரங்கநாதர் கோயில்தான், ஆனால் கர்நாடகம். கோயில் காவேரித் தீவில் இருக்கிறது என்று அது சொன்னது இரண்டு ஊருக்கும் பொருந்திவிட, இவனுக்குச் சந்தேகமே வரவில்லை. சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவால் ‘கர்நாடகா’ என்று அழகாக எழுதியிருந்தான்.

அத்தை பார்த்துவிட்டார். “என்னடா இது? 1987ல ராஜகோபுரக் கும்பாபிஷேகத்துக்கு நான் கூட்டத்துல நின்னிருக்கேன். பதிமூணு நிலை, 236 அடி. மாடிக்குப் போய்ப் பாரு, தெரியும்.”

“பாட்டி, அது நெட்லேருந்து எடுத்துச் சொல்லுது. உங்களுக்கு மறந்திருக்கும்.”

மாடிப்படி ஏறவில்லை அவன். கோபுரம் அங்கே நிற்கிறது. திணையில் ஒரு தப்பும் செய்யாத பிள்ளை அவன். அது, சொல்லுது, எடுக்குது, எல்லாம் சரி. உள்ளே ஆள் இல்லை என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆள் இல்லாததால்தான் தப்பு வராது என்று நினைக்கிறான். சின்னதோ உள்ளே யாரோ இருப்பதாகப் பாதி நினைக்கிறது. அதனால் அந்த யாரோவுக்கு மறதி வரும், தெரியாமல் போகும், ஹோம்வொர்க் பண்ணாமல் வரும் என்பதையும் சேர்த்தே நினைக்கிறது.

2017இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் 3 முதல் 10 வயது வரை 26 பிள்ளைகளை அலெக்ஸா, கூகுள் ஹோம் முதலானவற்றோடு விளையாடவிட்டுப் பார்த்தார்கள். ‘உன்னைச் சாப்பிடலாமா?’ என்றெல்லாம் அவற்றைக் கேட்டிருக்கிறார்கள் பிள்ளைகள். அதில் எனக்குப் பட்ட விஷயம் வேறு: ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அது தங்களைவிடப் புத்திசாலி என்று நினைத்தார்கள். படித்தபோது சாதாரணமாகத் தெரிந்தது. இன்று என் வீட்டுச் சார்ட்டில் ஸ்கெட்ச் பேனாவில் பார்த்தேன்.

ஆகஸ்ட் 5

கோபுரம் பரவாயில்லை, பள்ளியில் சிரித்துவிட்டுப் போவார்கள். 2021 டிசம்பரில் அமெரிக்காவில் பத்து வயதுப் பெண் ஏதாவது ஒரு சவால் சொல்லு என்று அலெக்ஸாவைக் கேட்க, சார்ஜரைப் பாதி செருகி, வெளியே தெரியும் கம்பியில் ஒரு நாணயத்தை வை என்றது அது. இணையத்தில் யாரோ எழுதியிருந்ததை அப்படியே எடுத்துச் சொல்லியிருக்கிறது. அம்மா பக்கத்தில் இருந்தார். அமேசானும் பிறகு சரிசெய்தது. பத்து வயது. என் பெரியவன் வயது.

அவனை உட்காரவைத்துச் சொன்னேன். “நான் அவ்வளவு லூசாம்மா?” என்றான். சார்ட்டைக் காட்டினேன். பேசாமல் போய்விட்டான். (ஜெயித்த மாதிரி இல்லை.)

ஆகஸ்ட் 18

சின்னதின் கேள்வி: “பேர் சொன்னாதான் அவங்களுக்குக் கேக்குமா? பேர் சொல்லலேன்னா காதை மூடிக்குவாங்களா?” கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். பெயர் வருகிறதா என்று மட்டும் பெட்டி தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கும். பெயர் காதில் பட்டதும் அதற்கு மேல் பேசுவது தூரத்துக் கம்ப்யூட்டருக்குப் போகும். “போயிட்டுத் திரும்பி வந்துடுமா?” இதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. போவது அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. பிள்ளைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்தது உள்ளிட்ட புகார்களுக்காக 2023இல் அமேசான் அமெரிக்க அரசுக்கு 2.5 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. நான் செட்டிங்ஸில் போய்ப் பதிவுகளைப் பார்த்தேன். ஒரு வரி: “ஆர் யூ மை அக்கா.” அழிக்கக் கை வரவில்லை. அப்புறம் அழித்தேன்.

செப்டம்பர் 1

என் கல்லூரித் தோழி இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று போன் செய்தாள். “ஏண்டி, டப்பாவுக்குத் திணை பார்த்துப் பக்கம் பக்கமா எழுதுற. பெத்த பொண்ணை ‘சின்னது வந்தது, சின்னது கேட்டது’ன்னு எழுதியிருக்கியே, அது என்ன திணை?”

மேலே போய்ப் படித்தேன். ஒரு இடம்கூடத் தப்பவில்லை. மகன் ‘பெரியவன், எழுதியிருந்தான்’. மகள் ‘சின்னது, போர்த்திவிட்டது’. கூப்பிடும்போதோ பெண் பிள்ளையை ‘டா’ என்கிறேன். குழந்தை என்ற சொல்லே அப்படித்தான், ‘குழந்தை அழுதது’ என்பதுதான் முறை என்று வாதாடினேன். “அப்ப பெரியவன் ஐந்து வயசுல ‘பெரியது’வா இருந்தானா?” என்றாள்.

இல்லை. பிறந்ததிலிருந்தே அவன் ‘அவன்’தான்.

உவப்பு என்று பவணந்தியை இழுத்து இதையும் சமாளிக்கலாம். செய்யவில்லை. இனி சின்னவள்.

அக்டோபர் 13

முதல் நாள் கேள்விக்கு என் முடிவு என்ன என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நான் திருத்துவதை ஜூனிலேயே நிறுத்திவிட்டேன். அவள் பாட்டுக்கு மாற்றிக்கொண்டுதான் இருக்கிறாள். இப்போது ‘அது’ அதிகம், பொம்மை விளையாட்டில் மட்டும் ‘இவ’. பெரியவன் சார்ட்டை மாற்றி எழுதினான். கோபுரத்தை மாடியிலிருந்து பார்த்தே வரைந்தான். ஆனால் இப்போதும் கணக்கில் சந்தேகம் வந்தால் முதலில் ஸ்பீக்கர் பக்கம்தான் பார்க்கிறான்.

ஹாலில் வேண்டாம் என்று ஸ்பீக்கரை அடுப்படிக்கு மாற்றிவிட்டோம். அத்தைக்குக் காலையில் முருகன் பாட்டு, எனக்கு இட்லி வேக டைமர். வந்து ஒரு மாதத்தில் எண்ணெய்க் கை பட்டு ஒரு பக்கம் பிசுபிசுக்கிறது. நேற்று சின்னவள் ஈரத் துணியோடு துடைக்க வந்தாள்.

“தண்ணி பட்டா ஷாக் அடிக்கும்டி, பாத்து” என்றேன்.

துணியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்: “அதுக்கா, எனக்கா?”